செம்போத்து கேட்கும் வரை

அக்கா,

இன்று காலை பூந்திக்கொட்டையை ஊறவைத்துக் கசக்கி, உங்கள் பச்சைத் துண்டுகளை எல்லாம் துவைத்து மாடிக் கொடியில் காயப்போட்டேன். மதியம் ஆகியும் விரல் இடுக்கில் அந்த வாசனை போகவில்லை. கொஞ்சம் புளிப்பு, கொஞ்சம் ஈர மண். கீழ்வீட்டுப் பெண் படியேறி வந்து பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், பட்டாளத்துக்குத் துணி துவைக்கிறீங்களா?" என்று கேட்டாள். சிரித்துவிட்டு அனுப்பினேன். பிறகு கொடியின் நிழலில் உட்கார்ந்துவிட்டேன். எழுந்து வரத் தோன்றவில்லை.

சோப்புப் போட நீங்கள் விட்டதே இல்லை. "சோப்பு வாசம் நாலு நாள் துணியில நிக்கும் டீச்சர். ஆத்தங்கரையில இருக்கறதுக்கெல்லாம் அது அந்நியம்" என்பீர்கள். அந்தத் துண்டுகள் எதற்கு என்று முதலில் எனக்கும் புரியவில்லை. ஸ்ரீரங்கத்துக்கு வருகிறவர்கள் விடியலில் பெருமாளைச் சேவித்துவிட்டு, நேராகக் கொள்ளிடக் கரைக்குப் பறவை பார்க்க வருவார்கள். அரக்குப் பட்டு, ஜரிகை, தலை நிறைய மல்லிகை. ஒரு பர்லாங்கு தூரத்திலேயே நாரைகள் எழுந்து போய்விடும். நீங்கள் ஒவ்வொருவர் தோளிலும் ஒரு மங்கிய பச்சைத் துண்டைப் போர்த்துவீர்கள். ஒரு மாமி ஒத்துக்கொள்ளவே இல்லை, ஞாபகம் இருக்கிறதா?

"பெருமாளைச் சேவிச்சுட்டு வரேன். இந்தப் புடவைக்கு என்னம்மா குறைச்சல்?"

"புடவைக்கு ஒரு குறையும் இல்ல மாமி. கொக்குக்குத்தான் கண்ணு கூசுது."

மாமி கணவரைத் திரும்பிப் பார்த்து, "கேட்டேளா, கொக்குக்குக் கண் கூசறதாம்!" என்று சொல்லிக்கொண்டே துண்டைப் போர்த்திக்கொண்டார். போகும்போது அதைத் திருப்பித் தர மறந்தும் போனார்.

நாம் பழகியது இரண்டு பேரும் ஓய்வு பெற்ற பிறகுதான். நான் பெண்கள் பள்ளியில் அறிவியல் நடத்தி முடித்தவள். நீங்கள் திருச்சி தொலைபேசி நிலையத்தில் காதில் கருவியை மாட்டிக்கொண்டு, ஊர் ஊராக டிரங்க் கால் இணைத்துக் கொடுத்தவர். வேலையை விட்டதும் மற்றவர்கள் எல்லாம் காசி, ராமேஸ்வரம் என்று போக, நீங்கள் பச்சைமலை அடிவாரத்தில் நடந்த ஒரு பயிற்சி முகாமில் சேர்ந்து, இயற்கைச் சுற்றுலா வழிகாட்டி ஆகித் திரும்பி வந்தீர்கள். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம் டிராவல்ஸ் நடத்தும் பாரூக், தன் வேனில் கோயில் பார்க்க வருகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைக் காலைகளில் உங்கள் கரை நடையையும் சேர்த்துக் கொடுத்தான்.

என் தங்கை சென்னையிலிருந்து வந்தபோது அவளுக்குத் துணையாக நானும் வந்தேன். முட்டி வலியால் எல்லோருக்கும் பின்னால் தேங்கித் தேங்கி நடந்தேன். நடை முடிந்ததும் என்னிடம் வந்தீர்கள்.

"அடுத்த வாரமும் வாங்க டீச்சர். டிக்கெட் வேணாம்."

"எதுக்கும்மா?"

"நான் பொன்மலைக்காரி. எங்க அப்பா ரயில்வே ஒர்க்‌ஷாப்ல இருந்தவரு. கார்டு இல்லாம வண்டி எடுக்கக்கூடாதுன்னு சொல்லி வளர்த்தாரு. நான் என்ஜின். கடைசிப் பெட்டியில நீங்க உக்காருங்க. யாரு எங்க நின்னு செல்போன் பேசறா, யாரு பிஸ்கட் பாக்கெட்டைத் தூக்கிப் போடறான்னு எனக்கு முன்னாடியிருந்து தெரிய மாட்டேங்குது."

அன்று முதல் நான் கார்டு. கைக்குட்டையை அசைத்தால் வண்டி நிற்கும். நீங்களும் எனக்கு அக்கா ஆனீர்கள். நீங்கள் மட்டும் என்னைக் கடைசிவரை டீச்சர் என்றுதான் அழைத்தீர்கள். கோபம் வந்தால் டீச்சரம்மா.

உங்கள் நடையை மற்றவர்கள் நடத்தும் நடையோடு நான் ஒப்பிட்டுப் பார்த்திருக்கிறேன். பலர் கண்ணால் நடத்துவார்கள். அதோ பாருங்கள், இதோ பாருங்கள் என்று கை நீளும். நீங்கள் காதால் நடத்தினீர்கள். நாணல் புதர் பக்கம் எல்லோரையும் நிறுத்தி, கண்ணை மூடச் சொல்வீர்கள். "இப்ப லைன்ல யாரு யாரு இருக்காங்கன்னு சொல்றேன்" என்று ஆரம்பிப்பீர்கள். வலது பக்கம் தையல்சிட்டு. அதற்கு மேல் கிளையில் தேன்சிட்டு. தூரத்தில், தண்ணீர் ஓரத்தில் ஆள்காட்டி. அது நம்மைப் பற்றித்தான் புகார் சொல்கிறது. கண்ணைத் திறந்தால் அத்தனையும் நீங்கள் சொன்ன இடத்தில் இருக்கும்.

மனிதக் குரலையும் நீங்கள் அப்படித்தான் நினைவில் வைத்திருந்தீர்கள். ஒருநாள் கூட்டத்தில் வந்த பெரியவர் ஒருவர், "ஏங்க, இந்த ஆத்துல முதலை இருக்கா?" என்று கேட்டார். நீங்கள் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முதலை இருக்கட்டும். நீங்க துறையூர் வெங்காய மண்டிதானே?" என்றீர்கள். மனிதர் ஆடிப்போய்விட்டார்.

"எப்படிங்க தெரியும்?"

"தினம் காலையில மெட்ராஸ் லைன் கேப்பீங்களே. லேட்டானா திட்டுவீங்களே."

"அட, அந்த டிரங்க் கால் அம்மாவா நீங்க! லைனுக்காகக் காத்துக்கிட்டு இருக்கறப்ப என்னென்னமோ பேசியிருப்பேனே!"

"பேசினீங்க. எல்லாம் கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். இப்ப கொஞ்சம் மெதுவாப் பேசுங்க, மீன்கொத்தி இருக்கு."

அப்படிப்பட்ட காது, அக்கா.

ஒரு மாசி மாதக் காலை. நடை முடிந்து கரை ஓரத்து டீக்கடையில் உட்கார்ந்திருந்தோம். டம்ளரைக் கையிலேயே வைத்துக்கொண்டு நீங்கள் சொன்னீர்கள்: "தேன்சிட்டு போயிடுச்சு டீச்சர்."

நான் அண்ணாந்து பார்த்தேன். நம் தலைக்கு மேலேயே முருங்கைக் கிளையில் ஒன்று கீச்சிட்டுக்கொண்டிருந்தது. "இங்கதானேக்கா இருக்கு" என்றேன்.

"மரத்துல இருக்கு. எனக்குத்தான் போயிடுச்சு."

ஒலி பாடத்தை எத்தனையோ வருடம் நடத்தியவள் நான். கோயில் மணியை அடித்தால் கணீரென்ற சத்தம் முதலில் அடங்கிவிடும், கனத்த ரீங்காரம் மட்டும் நெடுநேரம் நிற்கும் என்று பிள்ளைகளுக்கு உதாரணம் சொல்லியிருக்கிறேன். உங்கள் காதில் நடந்ததும் அதுதான். மெல்லிய குரல்கள் முதலில் போயின. தேன்சிட்டுக்குப் பிறகு தையல்சிட்டு. பிறகு பஞ்சுருட்டான். "ஒவ்வொருத்தரா லைனைக் கட் பண்ணிட்டுப் போறாங்க டீச்சர்" என்றீர்கள். டாக்டர், வயது காரணமாக இருக்கலாம், அத்தனை வருடம் காதில் மாட்டியிருந்த கருவியும் காரணமாக இருக்கலாம் என்றாராம். "சோறு போட்ட மிஷின். அதைத் திட்ட மாட்டேன்" என்று அந்தப் பேச்சை முடித்துவிட்டீர்கள்.

உங்கள் மகள் பெங்களூரிலிருந்து காது மிஷின் வாங்கி வந்தாள். வீட்டில் அது உதவியது, பேச்சு புரிந்தது. கரைக்கு வந்தால் காற்று மட்டும் அதற்குள் புகுந்து இரைந்தது. "முக்கொம்பு அணையில எல்லாக் கதவையும் திறந்து விட்டா மாதிரி இருக்கு" என்று கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டீர்கள். போன குரல்கள் அதில் திரும்பி வரவும் இல்லை.

யாரிடமும் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினீர்கள். எனக்கு அதில் முழு சம்மதம் இல்லை. சொல்லிவிட்டால் மக்கள் புரிந்துகொள்வார்கள் என்று வாதாடினேன். நீங்கள் கேட்கவில்லை.

"புரிஞ்சுக்குவாங்க. அப்புறம் பாவம்னு சொல்வாங்க. பாவம்னு சொல்றவங்க பறவையப் பாக்க மாட்டாங்க டீச்சர், என்னையேதான் பாத்துக்கிட்டு நிப்பாங்க."

அதன் பிறகுதான் கடைசிப் பெட்டியிலிருந்து என்னை எழுப்பி உங்கள் முதுகுக்குப் பின்னால் நிறுத்திக்கொண்டீர்கள். இடது பக்கம் குரல் கேட்டால் இடது தோளைத் தொட வேண்டும். வலது பக்கம் என்றால் வலது தோள். உங்கள் துண்டைச் சரிசெய்வதுபோல நான் தொடுவேன். நீங்கள் அந்தப் பக்கம் திரும்புவீர்கள், கண் மீதியைப் பார்த்துக்கொள்ளும். இலைக்குள் மறைந்திருக்கும் சிறு பறவைகளுக்கு அது போதாது என்பதால் பெயரையும் உங்கள் காதோரம் சொல்ல வேண்டியிருந்தது. அதற்காக நான் குரல்களைப் படிக்க ஆரம்பித்தேன். அதுவரை எனக்குக் குயிலும் காகமும்தான் தெரியும். மொட்டை மாடியில் நின்று கேட்டுக் கேட்டுப் பழகினேன். மாணவிகள் தனிம அட்டவணையை ஏன் அப்படி வெறுத்தார்கள் என்பது எனக்கு அப்போதுதான் விளங்கியது.

ஒருநாள் அரசமரத்தடியில் நின்றபோது வல்லூறு கத்தியது. சந்தேகமே இல்லாமல் வல்லூறு. வலது தோளைத் தொட்டு, "வல்லூறு" என்றேன். நீங்கள் கூட்டத்தைப் பார்த்து, "எல்லாரும் அசையாம நில்லுங்க. வல்லூறு வந்திருக்கு" என்று தாழ்ந்த குரலில் சொன்னீர்கள். எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். பெரிய கேமரா வைத்திருந்த ஒரு பையன் மட்டும் சிரித்தான்.

"ஆன்ட்டி, அது கரிச்சான். வல்லூறு மாதிரி மிமிக்ரி பண்ணுது. அதோ கம்பியில உக்காந்திருக்கு பாருங்க."

உண்மைதான். வால் பிளந்த கரிய குருவி ஒன்று கம்பியில் உட்கார்ந்து, வல்லூறின் குரலை எடுத்து நம்மை ஏய்த்துக்கொண்டிருந்தது. கீழே மைனாக்கள் கவலையில்லாமல் மேய்ந்தன. என் முகம் சுண்டிவிட்டது. நீங்களோ சிரித்தபடி, "ஆமா தம்பி, ஏமாந்துட்டேன். இத்தனை வருஷ சர்வீஸ்ல இது எனக்கு அவமானம்" என்று தலையில் அடித்துக்கொண்டீர்கள். பழியை நீங்களே எடுத்துக்கொண்டது எனக்குத் தாங்கவில்லை. டீக்கடையில் கண் கலங்கிய என்னைப் பார்த்து நீங்கள் விழுந்து விழுந்து சிரித்தீர்கள்.

"ராங் நம்பர் குடுத்துட்டீங்களே டீச்சர்! அழாதீங்க. நானும் ஒரு தடவை பொண்ணு வீட்டுக் கல்யாணப் பேச்சுல மூணாவது ஆளைக் கனெக்ட் பண்ணி விட்டிருக்கேன். கல்யாணம் நல்லாவே நடந்துச்சு."

நம் ஏற்பாடு பறவைகளுக்குச் சரியாக வந்தது, மனிதர்களுக்கு வரவில்லை. பின்னாலிருந்து யாராவது கேள்வி கேட்டால் நான் தோளைத் தொடுவதற்குள் நீங்கள் நடந்துவிடுவீர்கள். கைடு அம்மாவுக்குத் திமிர், கேட்டால் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை என்று நெட்டில் யாரோ எழுதினார்கள். பாரூக் அதை என்னிடம் காட்டினான்.

"டெலிபோனம்மாவுக்கு என்னாச்சு டீச்சர்? உடம்பு ஏதும் சரியில்லையா?"

"எனக்கென்னப்பா தெரியும். அவங்களையே கேளு" என்று நழுவினேன். அவன் என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போய்விட்டான். அவன் கேட்டதை உங்களிடம் சொன்னபோது, "திமிர்னா திமிர். அது பரவாயில்ல" என்றீர்கள். முகத்தை ஆற்றுப் பக்கம் திருப்பிக்கொண்டு சொன்னீர்கள். உங்களை அப்படிப் பார்க்க எனக்குப் பழக்கமில்லை. நடு வகுப்பில் புரியாத பாடத்துக்குத் தலையாட்டும் நல்ல மாணவியின் முகம் அது.

அன்றுதான் நீங்களே ஒரு எல்லை வைத்தீர்கள். கொள்ளிடக் கரையில் மிகவும் கனத்த குரல் செம்போத்தினுடையது. பானைக்குள் வாயை வைத்து ஊதுவதுபோல, ஊப் ஊப் என்று அடியிலிருந்து வரும். அது மட்டும் உங்களுக்கு இன்னும் தெளிவாகக் கேட்டது.

"செம்போத்து கேக்கற வரைக்கும் வருவேன் டீச்சர். அது கேக்கலன்னா நிறுத்திடுவேன். இன்னொண்ணு, செம்போத்துக்கு மட்டும் நீங்க தோளைத் தொடக்கூடாது. அது எனக்கும் அதுக்கும் நேர் லைன். நடுவுல யாரும் வேணாம்."

சரி என்று சொன்னேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பரீட்சை மாதிரி ஆகிவிட்டது. நாணல் பக்கம் செம்போத்து கூப்பிடும். நான் உங்கள் பிடரியையே பார்த்துக்கொண்டிருப்பேன். தலை திரும்பும். எனக்கு மூச்சு வரும். சில நாள் முதல் குரலுக்குத் திரும்பாது, இரண்டாவதற்குத் திரும்பும். அந்த இடைவெளியில் நான் வேண்டாத தெய்வமில்லை. ரங்கநாதரையும் ஜம்புகேஸ்வரரையும் ஒரே மூச்சில் கூப்பிட்டிருக்கிறேன்.

அந்தத் தை மாதக் காலையில் கோயம்புத்தூர்க் குடும்பம் ஒன்று வந்திருந்தது. பனி முழுதும் விலகவில்லை. மண்கரையில் மீன்கொத்தி குடைந்த பொந்துகளைக் காட்டி, அவற்றின் பக்கம் ஏன் போகக்கூடாது என்று நீங்கள் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். கூட்டம் உங்களுக்கு எதிரே நின்றது. வலது பக்கம் நாணலுக்குள் செம்போத்து கூப்பிட்டது. நீங்கள் பேசிக்கொண்டே இருந்தீர்கள். மறுபடி கூப்பிட்டது. "அம்மா, குரங்கு!" என்றாள் உங்களுக்கு நேரே நின்ற அவர்களின் சின்னப் பெண். எல்லோரும் சிரித்து நாணல் பக்கம் திரும்பினார்கள்.

கரும்பலகைக்கு முன்னால் நின்றவர்களுக்கு இது தெரியும். வகுப்பில் எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பினால் வாசலில் யாரோ வந்திருக்கிறார்கள் என்று அர்த்தம். நீங்கள் பாதி வாக்கியத்தில் நிறுத்தினீர்கள். திரும்பிய தலைகளைப் பார்த்தீர்கள். நாணலைப் பார்த்தீர்கள். அங்கே ஒன்றும் தெரியவில்லை. பிறகு திரும்பி என்னைப் பார்த்தீர்கள். சத்தமில்லாமல் உங்கள் உதடு, "யாரு?" என்றது.

நான் உங்கள் தோளைத் தொடவில்லை. உதட்டை மட்டும் அசைத்து, "செம்போத்து" என்றேன்.

நீங்கள் ஒரு முறை கண்ணை மூடித் திறந்தீர்கள். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினீர்கள். நான் கேட்டதிலேயே நீங்கள் மிக அழகாகப் பேசியது அதுதான்.

"குரங்கு இல்ல கண்ணு, அது செம்போத்து. உடம்பு கருப்பு. றெக்கை செங்கல் நிறம். கண்ணு குங்குமம் மாதிரி. பறக்கறதுக்குச் சோம்பல், நடந்தே போயிடும். ஆனா குரல் இருக்கே, அது நம்ம வயித்துல வந்து இடிக்கும். முதல்ல மெதுவா ஆரம்பிக்கும், நடுவுல வேகமாப் போகும், கடைசியில தண்ணி தீர்ந்த பானை மாதிரி அடங்கும். இப்பக் கேட்டீங்கல்ல, அப்படித்தான்."

குழந்தை கேட்டாள்: "மறுபடியும் கத்துமா பாட்டி?"

"கத்தும். கத்தினா எனக்குச் சொல்லு."

"ஏன், உங்களுக்குக் கேக்காதா?"

அவள் உதட்டைப் படித்துவிட்டீர்கள். இத்தனை மாதமாக நாம் கட்டிக் காத்த சுவர், அக்கா. நான் குறுக்கே விழுந்து ஏதாவது சொல்லிச் சமாளிக்க வாயைத் திறந்தேன். நீங்கள் முந்திக்கொண்டீர்கள்.

"கேக்காது கண்ணு."

குழந்தையின் அம்மா தன் கணவர் பக்கம் சாய்ந்து, "ஐயோ, பாவம்" என்றாள். மெதுவாகத்தான் சொன்னாள். உங்களுக்குக் கேட்டிருக்காது. ஆனால் அவள் உதட்டின் மேல் வெயில் விழுந்திருந்தது. நீங்கள் பார்த்துவிட்டீர்கள் என்பது எனக்குத் தெரியும்.

நடையைப் பாதியில் விடவில்லை நீங்கள். பாலம் தெரியும் இடம்வரை கூட்டிப்போய், பிளாஸ்டிக் எதுவும் கிடக்கிறதா என்று வழக்கம்போல ஒரு முறை திரும்பிப் பார்த்து, துண்டுகளை வாங்கி மடித்துப் பையில் வைத்து, எல்லோரையும் வேனில் ஏற்றினீர்கள். அதற்குப் பிறகு பாரூக்கிடம் போய் நின்றீர்கள்.

"தம்பி, எனக்குக் காது போயிடுச்சு. முன்னாடியே சொல்லியிருக்கணும். வேற ஆளைப் பாத்துக்கப்பா."

பாரூக் சாவியைச் சட்டைப்பையில் போட்டுவிட்டு, உங்கள் முகத்துக்கு நேரே வந்து நிதானமாகச் சொன்னான்: "போன வருசமே தெரியும்மா. எங்க அத்தாவுக்கும் இப்படித்தான் ஆச்சு. கூப்பிட்டா திரும்ப மாட்டாரு, பெத்த அப்பாவையே நாங்க கோவக்காரருன்னு நினைச்சோம். அதனாலதான் உங்க வேனுக்கு மட்டும் ஆளைக் குறைச்சுக்கிட்டே வந்தேன். நீங்களா சொல்ற வரைக்கும் கேக்கக்கூடாதுன்னு இருந்தேன்."

டீக்கடைக்காரர் முன்னால், வேனில் இருந்தவர்கள் எல்லாம் பார்க்க, நீங்கள் அன்று அழுதீர்கள். அதற்கு முன்னும் பின்னும் நீங்கள் அழுது நான் பார்த்ததில்லை.

நிறுத்திக்கொள்கிறேன் என்று சொன்னவர் சொன்னபடி நிறுத்தினீர்கள். நடை நிற்கக்கூடாது என்று என்னை முன்னால் தள்ளினீர்கள். "எனக்குக் கண்ணு பத்தாதுக்கா" என்றேன். "காது இருக்குல்ல? மீதியை வர்றவங்க பாத்துக்குவாங்க" என்றீர்கள். அந்தக் கோடை முழுவதும் நான் என்ஜின், நீங்கள் கார்டு. கடைசிப் பெட்டியிலிருந்து என்னைப் பார்த்துக் கையை ஆட்டி, மெதுவாப் போங்க, வெயில் முகத்துல விழற மாதிரி நில்லுங்க என்று சைகை செய்வீர்கள். வெயில் உங்களுக்காகத்தான் என்று நினைத்தேன். நான் பேசுவதை அங்கிருந்தே படித்துக்கொண்டு வந்தீர்கள். அந்த மாதங்களில் உங்கள் முகத்தில் பழைய களை திரும்ப வந்திருந்தது. இப்படியே இன்னும் நாலைந்து வருடம் ஓடும் என்று மனம் நம்பிவிட்டது. மனத்துக்கு வேறு என்ன தெரியும்?

ஐப்பசி மழையில் காய்ச்சல் வந்தது. நெஞ்சில் சளி கட்டி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உங்கள் மகள் மருந்து வாங்கப் போயிருந்த ஒரு மதியம் நான் பக்கத்தில் இருந்தேன். மிஷினைக் கழற்றி வைத்திருந்தீர்கள். ஜன்னலைக் காட்டி, "வெளிய யாரு யாரு லைன்ல இருக்காங்க?" என்று கேட்டீர்கள்.

வெளிச்சம் விழும் பக்கம் திரும்பி உட்கார்ந்து சொன்னேன்: "ஆட்டோ ஹாரன். சாப்பாட்டு வண்டிக்காரர் கூவறாரு. ஒரு காக்கா."

"காக்காவா, அண்டங்காக்காவா?"

"தெரியலக்கா."

"நல்லாயிருக்கே! வந்தவங்க கேட்டா இப்படித்தான் தெரியலன்னு சொல்வீங்களா டீச்சரம்மா? போய்ப் பாத்துட்டு வாங்க."

முட்டி வலியோடு மாடிப்படி இறங்கிப் போய்ப் பார்த்தேன். தண்ணீர்த் தொட்டி மேல் உட்கார்ந்திருந்தது. கழுத்தில் சாம்பல் நிறம் இல்லை, முழுக் கறுப்பு, மூக்கு தடிமன். திரும்பி வந்தபோது நீங்கள் தூங்கிவிட்டிருந்தீர்கள். எழுப்ப மனமில்லை. நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று வந்துவிட்டேன். மறுநாள் நான் போனபோது படுக்கை விரிப்பை மாற்றிக்கொண்டிருந்தார்கள்.

அண்டங்காக்கைதான், அக்கா.

அதன் பிறகு பல வாரம் நான் கரைப் பக்கம் போகவில்லை. பாரூக் வீட்டுக்கே வந்தான். ஒன்றும் வற்புறுத்தவில்லை. துண்டுப் பையை வைத்துவிட்டு, "நீங்க எப்ப வந்தாலும் வேன் இருக்கும் டீச்சர்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான். போன மாதத்திலிருந்து போகிறேன். கடைசிப் பெட்டியில் யாரும் இல்லை. திரும்பிப் பார்க்கும் பழக்கம் மட்டும் போகவில்லை.

உங்களிடமிருந்து எனக்கு வந்தது பறவைகள் இல்லை. இன்னும் பல குரல்கள் எனக்குக் குழம்புகின்றன. கரிச்சான் இப்போதும் என்னை ஏமாற்றுகிறது. குரல் கேட்டதும் மற்ற வழிகாட்டிகள் மரத்தைப் பார்ப்பார்கள். என் கண் மரத்துக்குப் போவதில்லை, கூட்டத்துக்குப் போகிறது. யார் தலை திரும்பவில்லை என்று தேடுகிறது. அப்படி ஒரு தலை இருந்தால் நான் பேச்சை நிறுத்தாமல் அவர் பக்கம் நகர்ந்து, வெயில் என் முகத்தில் விழும்படி நின்றுகொள்கிறேன். அவரிடம் எதுவும் கேட்பதில்லை. போன மாதம் சின்னக் கடைவீதியில் நகைப்பட்டறை வைத்திருந்த பெரியவர் ஒருவர் அப்படி வந்தார். சுத்தியல் சத்தத்திலேயே வாழ்ந்தவர் என்று பிறகு தெரிந்தது. அவர் தோளைத் தொட்டேன். திரும்பினார், பார்த்தார், என்னைப் பார்த்துத் தலையை மட்டும் அசைத்தார். யாருக்கும் தெரியவில்லை.

இந்த ஞாயிறு மழை விட்டிருந்தது. நாணலுக்குள் செம்போத்து கூப்பிட்டது. மெதுவாக ஆரம்பித்து, வேகம் பிடித்து, அடங்கியது. நான் கூட்டத்தைப் பார்த்தேன். ஒருவர் விடாமல் எல்லோரும் திரும்பியிருந்தார்கள். எல்லோருக்கும் கேட்டுவிட்டது, அக்கா. சந்தோஷப்பட வேண்டிய விஷயம்தான். என் கை மட்டும் பாதி தூக்கியபடி கொஞ்ச நேரம் அப்படியே நின்றது.